காலணாப் பாட்டுப் புத்தகங்கள்

வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் தடித்த நூல்களையே தேடிச் செல்கின்றனர். கல்வெட்டும் செப்பேடும் காப்பியமும் அரசாங்கக் குறிப்பேடும் அவர்களுக்குச் சான்றாகின்றன. இவற்றின் பெருமையை நாம் குறைத்துப் பேச வரவில்லை. ஆயினும் ஒரு மண்ணில் வாழ்ந்த எளிய மக்கள் எதைப் பாடினார்கள், எதைக் கேட்டுக் கண்ணீர் வடித்தார்கள், எதைக் கண்டு கொதித்தார்கள் என்று அறிய விரும்புவோருக்குத் தடித்த நூல்கள் அதிகம் உதவுவதில்லை. அதற்கு எட்டுப் பக்கமும் பதினாறு பக்கமுமாக, சாணித்தாளில் அச்சாகி, சந்தையில் கூவி விற்கப்பட்ட மெல்லிய புத்தகங்களைத்தான் புரட்ட வேண்டும். அத்தகைய புத்தகங்களைப் பற்றியே இங்கே சில சொல்ல விழைகிறோம்.

பேச்சைச் சற்றுத் தொலைவிலிருந்து தொடங்குவோம். 1976-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இலண்டன் மாநகரில் மார்க் பெர்ரி என்ற பத்தொன்பது வயது இளைஞர் ஓர் ஏட்டை வெளியிட்டார். அவர் ஒரு வங்கியில் எழுத்தராக இருந்தவர். பதிப்பகம் இல்லை, முதலீடு இல்லை, அச்சுக்கூடத்தின் பழக்கமும் இல்லை. வீட்டிலிருந்த தட்டச்சுப் பொறியில் அடித்து, தலைப்புகளைத் தடித்த பேனாவால் கையாலேயே எழுதி, ஜெராக்ஸ் எடுத்துத் தைத்த அந்த ஏட்டின் பெயர் 'ஸ்னிஃபின் க்ளூ'. பசையை முகர்ந்து போதை கொள்வதைக் குறிக்கும் அப்பெயர் நம்மை முகஞ்சுளிக்கச் செய்வது; அதை மறைக்க வேண்டியதில்லை. முதல் இதழ் ஐம்பது படிகளே எடுக்கப்பட்டதாகச் சொல்வர். ஓராண்டுக்குள் அது ஆயிரக்கணக்கில் விற்றது. 'பங்க்' எனப்படும் முரட்டு இசையைப் பெரிய பத்திரிகைகள் சரியாக மதிக்கவில்லை என்று கருதிய அவர், தம் இசையைப் பற்றித் தாமே எழுதத் துணிந்தார். பணம் சேரத் தொடங்கிய நேரத்தில், 1977-இல், அவரே அந்த ஏட்டை நிறுத்தியும் விட்டார்.

அதே 1977-இன் தொடக்கத்தில் மான்செஸ்டர் நகரத்து 'பஸ்காக்ஸ்' என்னும் குழுவினர் உற்றார் உறவினரிடம் ஏறக்குறைய ஐந்நூறு பவுன் கடன் வாங்கி, எந்த இசைத்தட்டு நிறுவனத்தின் வாயிலிலும் நில்லாமல், தம் பாடல்களைத் தாமே ஆயிரம் தட்டுகளாக வெளியிட்டனர். மூன்று சுரக்கட்டுகளை வாசிக்கத் தெரிந்தால் போதும், நீயே ஒரு குழுவைத் தொடங்கலாம் என்ற எண்ணம் அந்நாளில் இளைஞரிடையே பரவியது. இந்த ஏடுகளுக்கு ஆங்கிலத்தில் 'ஃபேன்சின்' என்று பெயர். அச்சொல் 1940-இல் அமெரிக்காவின் அறிவியல் கதை வாசகரிடையே பிறந்தது. பொருளோ, அன்பர்கள் தாமே நடத்தும் ஏடு என்பதுதான். அவ்வழக்கம் நம்மவர் பலர் குடியேறி வாழும் சிங்கப்பூர் வரை எட்டியது. அங்கே 1985-இல் 'பிக் ஓ' என்னும் இசை ஏடும் ஜெராக்ஸ் படிகளாகவே பிறந்தது.

இதற்கும் அருப்புக்கோட்டைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். மேனாட்டு அறிஞர்கள் இந்தச் செயலைப் புதுமை என்று வியந்து நூல்கள் பல எழுதியுள்ளனர். 'நீயே எழுது, நீயே அச்சிடு, நீயே பாடு, நீயே விற்றுக்கொள்' என்ற முறை அவர்களுக்குப் புதுமையாக இருக்கலாம். நம் கரிசற்காட்டுச் சந்தைகளுக்கு அது பழைய கதை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களை அறிந்தவர்களுக்கு அந்நிலத்தின் தன்மையைச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் காலை இழுக்கும் சேறு. காய்ந்தால் கைவிரல் நுழையும் வெடிப்பு. பருத்தியும் கம்பும் சோளமும் மல்லியும் மிளகாயும் விளையும் மானாவாரி நிலம். குண்டாற்றில் நீர் ஓடும் நாட்களை எண்ணிவிடலாம். கண்மாய் பெருகினால்தான் நெல். 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து, பிறகு காமராசர் மாவட்டமென்றும் இன்று விருதுநகர் மாவட்டமென்றும் வழங்கும் பகுதி இது. நகரத்தில் தறிச்சத்தம், சுற்றிலும் பந்தல்குடி, பரளச்சி, நரிக்குடி, காரியாபட்டி எனச் சிறு ஊர்கள். திருமேனிநாதர் கோயிலைக் கொண்ட திருச்சுழி, 1879-இல் ரமண மகரிஷி பிறந்த ஊர் என்று உலகறிந்தது. விதைப்புக்கும் அறுப்புக்கும் இடையே வேலையற்ற நாட்கள் இங்கே அதிகம். அந்த நாட்களைப் பாட்டும் கூத்தும் கதையும்தாம் நிறைத்தன. கந்தூரியும் கோயில் கொடையும் சந்தையும் கூடுமிடமெல்லாம் பாட்டு விற்பவனும் கூடினான்.

அந்தப் பாட்டுப் புத்தகத்தின் அமைப்பை இன்றைய தலைமுறைக்காகச் சொல்லி வைப்போம். ஒரு முழுத்தாளை மும்முறை மடித்தால் பதினாறு பக்கம் கிடைக்கும். அரைத்தாளானால் எட்டு. அட்டை என்று தனியே ஒன்றுமிராது. இருந்தால் மஞ்சளோ இளஞ்சிவப்போ ஆன மெல்லிய தாள். அச்சுக்கூடத்தில் கிடந்த மரக்கட்டைப் படம் எதுவோ அதுவே முகப்பு. போன மாதம் ஒரு ராணியாக இருந்தவள் இந்த மாதம் கொலையுண்ட பெண்ணாக வருவாள். விலை காலணா, அரையணா. 1957-இல் நயா பைசா வந்த பின்னும் கிழவர்கள் அதைக் காலணாப் புத்தகம் என்றே அழைத்தனர். புயல், வெள்ளம், பஞ்சம், இரயில் கவிழ்ந்தது, ஊரை உலுக்கிய கொலை, தங்கம் விலை ஏறியது என எது நிகழ்ந்தாலும் சில நாட்களுக்குள் சிந்தாகவும் கும்மியாகவும் தெம்மாங்காகவும் அது அச்சேறிவிடும். சென்னையில் குஜிலிக் கடைத்தெருவில் விற்கப்பட்டமையால் இவற்றைக் குஜிலி நூல்கள் என்றனர். ஆ.இரா. வேங்கடாசலபதி 2004-இல் இவற்றை ஆராய்ந்து வெளியிட்ட நூலுக்கு 'முச்சந்தி இலக்கியம்' என்று பொருத்தமாகப் பெயரிட்டார். தென்பாண்டிச் சீமைக்கோ மதுரை அச்சுக்கூடங்களே பெரும் ஊற்று.

இந்தப் புத்தகங்களில் சுரக்குறிப்பு இராது. பாட்டின் தலையில், மக்கள் முன்னரே அறிந்த வேறொரு பாட்டின் முதலடியைக் கொடுத்து, அந்த மெட்டில் பாடுக என்று ஒரே வரி இருக்கும். அந்த ஒரு வரியே ஆசிரியர். நாடகமேடையில் கேட்ட மெட்டோ, பின்னாளில் திரைப்படத்தில் கேட்ட மெட்டோ தெரிந்த எவரும் புத்தகத்தை விரித்த உடனே பாடலாம். இலண்டன் இளைஞனுக்கு மூன்று சுரக்கட்டுகள் எதைச் செய்தனவோ அதை நம்மூர்த் தறிக்காரருக்கும் வண்டிக்காரருக்கும் அந்த மெட்டுக்குறிப்பு செய்தது. இசை கற்றவர்க்கே இசை என்ற வேலியை அது சத்தமின்றித் தாண்டியது.

விற்பனையும் பாட்டினாலேயே நடந்தது. ஒருவர் கஞ்சிரா தட்டிப் பாட, மற்றவர் புத்தகத்தை உயர்த்திப் பிடித்துக் கூட்டத்தைச் சுற்றி வருவார். கதையின் உச்சத்தில் பாட்டு நின்றுவிடும். மீதியை அறியப் புத்தகம் வாங்க வேண்டும். 1960-களில் விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வழியாக மானாமதுரைக்கு இருப்புப்பாதை வந்த காலத்தில், இரயில் பெட்டியும் இத்தகைய பாடகர்களுக்கு மேடையாயிற்று.

இந்தக் காகிதத் துண்டுகளைக் கண்டு அரசாங்கம் அஞ்சியதுண்டா? அஞ்சியது என்பதே வரலாறு. 1835-க்கு முன் இந்நாட்டவர் அச்சுக்கூடம் வைப்பதற்கே தடைகள் இருந்தன. 1867-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு புத்தகத்திலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும் என்று விதித்தது. 1931-இல் வந்த பத்திரிகை அவசரச் சட்டத்தின்படி தேசியப் பாட்டுப் புத்தகங்கள் பல தடை செய்யப்பட்டன. சிவகாசியில் 1886-இல் பிறந்த நாடக நடிகர் எஸ்.எஸ். விசுவநாததாஸ் மேடையில் பாடியதற்காகவே பலமுறை சிறை சென்றார். வள்ளி திருமண நாடகத்தில் தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் கட்டத்தில், வெள்ளைக் கொக்குகளை விரட்டும் பாட்டு ஒன்று பாடப்படும். எந்தக் கொக்கு என்பது மக்களுக்கும் தெரியும், மேடைக்குக் கீழே கைவிலங்குடன் காத்திருக்கும் காவலருக்கும் தெரியும். அவருக்குப் பாடல்கள் எழுதித் தந்த மதுரகவி பாஸ்கரதாஸ், அருப்புக்கோட்டைக்குத் தெற்கே கரிசல் நிலத்து நாகலாபுரத்தில் 1892-இல் பிறந்தவர். 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸு'க்கும் பாட்டெழுதியவர். விசுவநாததாஸ் 1940-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் நாடகமேடையிலேயே உயிர் நீத்தார்.

இதில் ஒரு விந்தையையும் குறிக்க வேண்டும். அந்நாளைய பாட்டுப் புத்தகங்களை வாங்கியவர்கள் படித்துக் கிழித்துப் போட்டனர். தடை செய்து பறிமுதல் செய்த அரசாங்கமோ அவற்றைக் கோப்பில் கட்டி வைத்தது. இன்று எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஆராய்ச்சியாளர் புரட்டும் தேசியப் பாட்டுப் புத்தகங்கள் பல, அவ்வாறு பகைவர் கையில் சிக்கியதால் பிழைத்தவையே. அன்பர் கையில் அழிந்தன. பகைவர் கையில் நிலைத்தன. இதை நாம் பின்னும் நினைவு கூர்வோம்.

இனி நம் சமுதாயத்தின் பங்கைப் பார்ப்போம். இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்றதும் நாம் சீறாப்புராணத்தைச் சொல்லிப் பெருமிதம் கொள்கிறோம். ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்துச் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அதை 1842-இல் அச்சேற்றிய வரலாறும் பெருமைக்குரியதே. ஆனால் நம் பாட்டிமார் மடியில் கிடந்து நாம் கேட்டவை எவை? நூறு மசலாவும் சைத்தூன் கிஸ்ஸாவும் படைப்போர்களும் முனாஜாத்துகளும் அல்லவா? அவையும் மலிவுத் தாளில் அச்சாகிக் கந்தூரிக் கடைகளில் ஊதுபத்திக்கும் தஸ்பீஹ் மணிக்கும் பக்கத்தில் குவிக்கப்பட்டவையே. எழுத்தறியாதார் வீட்டிலும் அவை இருந்தன. ஏனெனில் தெருவுக்கு ஒருவர் படிக்கத் தெரிந்தால் போதும். இரவில் விளக்கைச் சுற்றிப் பத்துப் பெண்கள் அமர, ஒருவர் இராகமிட்டு வாசிப்பார். தாயிரா அடித்துப் பாடி வரும் பக்கீர்மார்களோ அச்சையும் வேண்டாதவர்கள். நோன்பு மாதத்தில் சஹர் நேரத்து இருட்டில் தெருத்தெருவாக அவர்கள் பாடிய பைத்துகளுக்கு எந்தப் பதிப்பகம் உரிமை கொண்டாட முடியும்?

அரபுத்தமிழ் நூல்களின் அச்சு முறையும் இங்கே நினைக்கத்தக்கது. தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகள் கூட்டப்பெற்ற அரபு எழுத்துகள் சாதாரண அச்சுக்கூடங்களில் கிடைப்பதில்லை. ஆகவே கையெழுத்தர் ஒருவர் எழுதித்தர, அதைக் கல்லில் ஏற்றிக் கல்லச்சாக அடித்தனர். எழுதியவரின் கை நடுக்கமும் அப்படியே பக்கத்தில் பதியும். 'ஸ்னிஃபின் க்ளூ' பக்கங்களில் பேனாவால் கிறுக்கிய தலைப்புகள் அப்படியே பதிந்ததை ஆராய்ச்சியாளர் வியக்கின்றனர். அச்செழுத்து இல்லையே என்று காத்திராமல் கையெழுத்தையே அச்சாக்கிய நம் முன்னோரையும் அவர்கள் அறிந்திருந்தால் இன்னும் வியந்திருப்பர்.

பெண்களின் பங்கு தனியே சொல்லத்தக்கது. கீழக்கரையில் செய்யிது ஆசியா உம்மா, இளையான்குடியில் கச்சிப்பிள்ளை அம்மாள், தென்காசியில் ரசூல் பீவி ஆகியோர் மெய்ஞ்ஞானப் பாடல்கள் இயற்றினர். இவர்களின் பெயர் நிலைத்தது பாடல்கள் அச்சேறியதால். அச்சேறாத பெண்கள் எத்தனை பேர்? மணப்பெண்ணுக்கு மருதாணி இடும்போது பாடவும், தொட்டிலை ஆட்டும்போது பாடவும், பிரிந்த மகனை நினைத்துப் பாடவும் அவர்கள் இட்டுக்கட்டிய பாட்டுகள் பழைய கணக்கு நோட்டின் வெற்றுப் பக்கங்களில் அரபுத்தமிழில் எழுதப்பட்டன. ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி இரவல் வாங்கிப் படியெடுத்தாள். அது ஊர் விட்டு ஊர் சம்பந்தம் போன வீட்டுக்கும் சென்றது. ஏடு என்றால் இதைவிட வேறென்ன ஏடு?

பின்னர் ஒலிநாடா வந்தது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய காசெட் 1980-களில் நம் நாட்டில் மூலைமுடுக்கெல்லாம் பரவியது. இசைத்தட்டு நிறுவனங்களின் தயவின்றியே பாடலைப் பதிந்து விற்க வழி பிறந்தது. இராமநாதபுரத்தில் 1925-இல் பிறந்து 2015-இல் மறைந்த இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனிபாவின் குரல் கலியாணப் பந்தலின் ஒலிபெருக்கியிலும் தேநீர்க்கடையிலும் முழங்கிய காலம் அது. அவரைப் பார்த்துப் பாடத் தொடங்கிய உள்ளூர்ப் பாடகர்கள் பலர். ஒரு தபேலா, ஒரு ஆர்மோனியம், ஒரு டேப் ரெக்கார்டர் இவ்வளவே அவர்கள் மூலதனம். சுவரில் மோதும் எதிரொலியும் தூரத்தில் குரைக்கும் நாயும் சேர்ந்தே பதிவான அந்த நாடாக்கள், படியெடுக்கப்பட்டுப் படியெடுக்கப்பட்டு வளைகுடா நாடுகளில் உழைத்த நம் பிள்ளைகளின் அறைகள் வரை சென்றன.

ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்க நாம் விரும்பவில்லை. மேனாட்டு இளைஞரின் பாட்டு மறுப்பிலும் கோபத்திலும் பிறந்தது. நம் பாட்டுகளில் பெரும்பகுதி புகழ்ச்சியிலும் வேண்டுதலிலும் பிறந்தது. அவர்களுள் பலருக்கு அது இளமையின் துடிப்பு; சந்தையில் பாடியவருக்கோ அன்றைய அரிசிக்கான வழி. நம் புத்தகங்களில் பிழை மலிந்திருந்தது. கொலைச்சிந்துகளில் பரபரப்பு மிகுந்திருந்தது. பிறர் மெட்டை எடுத்தாள்வது முறையா என்ற கேள்வியும் எழுந்தது. திரைப்பட மெட்டில் நபிகளார் புகழைப் பாடலாமா என்று ஆலிம்கள் வினவியதில் நியாயமும் உண்டு. இவையனைத்தையும் ஒப்புக்கொண்ட பின்னும் ஒன்று மிஞ்சுகிறது. பெரியவர்கள் அனுமதி தரும்வரை காத்திராமல், இருக்கும் கருவியைக் கொண்டு, தன் சொல்லைத் தானே ஊருக்குக் கொண்டு சேர்த்த துணிவு இரு இடத்திலும் ஒன்றே. 1959-இல் 'எழுத்து' ஏட்டைத் தொடங்கிப் பதினோர் ஆண்டுகளுக்கு மேல் நடத்திய சி.சு. செல்லப்பா, புத்தகக் கட்டைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றாரே, அதுவும் அந்தத் துணிவின் கிளைதான்.

இவ்வளவும் சொன்ன நாம், நம் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். நம் நன்னியிடம் ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதில் கிஸ்ஸாப் புத்தகங்களும் முனாஜாத்துகளும், அவர் கைப்பட எழுதிய இரண்டு நோட்டுகளும் இருந்தன. அவர் மௌத்தான சில ஆண்டுகளில் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, இடம் அடைக்கிறதென்று அந்தப் பெட்டியை அப்படியே பேரீச்சம்பழக்காரரிடம் போட்டுவிட்டோம். தகரத்துக்கு ஒரு விலை, காகிதத்துக்கு ஒரு விலை என்று அவர் நிறுத்துக் கொடுத்த காசை எண்ணி வாங்கியதும் நாம்தான். அரபு எழுத்தென்று அஞ்சிச் சிறிது தயங்கினோம்; பாட்டுப் புத்தகந்தானே என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். பிற்காலத்தில் இத்துறையில் கற்கப் புகுந்தபோது, நன்னி பாடிய தாலாட்டு ஒன்றின் இரண்டாம் அடி நினைவுக்கு வராமல் நின்றது. இன்றுவரை வரவில்லை. அதை வைத்திருந்த நோட்டு எந்த மளிகைக் கடையில் எதை மடித்துக் கொடுக்கப் பயன்பட்டதோ! அன்பர் கையில் அழிந்தன என்று மேலே எழுதினோமே, அந்த அன்பர் வேறு யாருமல்லர்.

நம் அறிஞர்கள் முயலாமல் இல்லை. 1973-இல் திருச்சியில் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு மறைந்து கிடந்த பல நூல்களை வெளிக்கொணர்ந்தது. இலங்கைப் பேரறிஞர் ம.மு. உவைஸ் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து, பீ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர், பிறர் குப்பை என்று ஒதுக்கிய நாடக நோட்டீசுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அதைக்கொண்டு சென்னையில் ஆராய்ச்சி நூலகம் ஒன்று அமைந்தது. காலணாப் புத்தகத்தின் மதிப்பு கடல் கடந்து சென்றுதான் நமக்குத் தெரிய வந்தது.

ஆயினும் கரிசற்காட்டு வீடுகளின் பரண்களிலும் பெட்டிகளிலும் உள்ளவை எந்த நூலகத்துக்கும் இன்னும் சென்று சேரவில்லை. கரையான் காத்திருப்பதில்லை, காசெட்டின் நாடாவும் பூஞ்சை பூத்து ஒட்டிக்கொள்கிறது. ஆகவே வாசகக் குடும்பங்களிடம் மூன்றை வேண்டுகிறோம். பழைய பாட்டுப் புத்தகத்தையும் கையெழுத்து நோட்டையும் ஒலிநாடாவையும் எடைக்குப் போடாதீர்கள். வீட்டில் மூத்த பெண்கள் இருந்தால் அவர்களைப் பாடச்செய்து, யாரிடம் கற்றார், எந்த ஊரில் பாடினார், எந்த மெட்டு என்பதையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ள தொலைபேசியே அதற்குப் போதும். மூன்றாவதாக, அசலை வைத்துக்கொண்டு படி ஒன்றையேனும் ஒரு கல்லூரி நூலகத்துக்கோ ஆராய்ச்சி நூலகத்துக்கோ கொடுங்கள்.

இதற்குப் பெரும் புலமை வேண்டாம், பொருளும் வேண்டாம். அந்தப் பாட்டுகளைக் கட்டியவர்களிடமும் அவை இரண்டும் இருக்கவில்லை. தங்கள் சொல் வீணாகாது என்ற நம்பிக்கை மட்டுமே இருந்தது. அந்த நம்பிக்கையைப் பொய்யாக்காமல் காப்பது நம் கடமை. நன்னியின் தாலாட்டில் நாம் மறந்த அந்த இரண்டாம் அடி, திருச்சுழிப் பக்கத்திலோ பந்தல்குடிப் பக்கத்திலோ ஏதோ ஒரு வீட்டு நோட்டில் இன்னும் இருக்கக்கூடும். அதைத் திறந்து பார்க்கும் கை உங்களுடையதாக இருக்கட்டும்.